அறுக்கப்பட்ட ஏணி

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் அவள் வெல்டர். வாரத்தில் ஆறு நாள் முகமூடிக்குள் வெந்துவிட்டு, ஏழாம் நாள் கடலில் குதிப்பாள். நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அவள் வாயைக் கெடுத்துக்கொள்வதில்லை. கூடக் குதிக்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மீன்கொத்தி. தலைகீழாகப் பாய்வதால் வந்த பெயர். பேச்சிலும் கொத்துவாள் என்பதால் நிலைத்த பெயர்.

அவர்கள் மொத்தம் ஐந்து பேர்; ஒரு பஸ் டிரைவரும் ஒரு கணக்கு வாத்தியாரும் அதில் உண்டு. புது இடம் எதுவானாலும் முதலில் அவள்தான் பார்ப்பாள். கடல் நன்றாக வற்றிய நேரத்தில், குதிக்காமல் ஓரமாக இறங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு அடியில் போய்க் கையால் துழாவுவாள். ஈயக் குண்டு கட்டிய கயிற்றைப் பத்து இடத்தில் விட்டு ஆழம் பார்ப்பாள். அதற்கப்புறமும், ஏறுவதற்கு வழி இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம் என்றுவிடுவாள். "குதிக்கிறது ஒரு நொடி. ஏறி வர்றதுதான் வேலை" என்பாள். இப்படிச் சலித்துச் சலித்து மிஞ்சியவை நான்கே இடங்கள். அவற்றில் பழைய படகுத்துறைச் சுவருக்கு நிகரில்லை. வற்றினாலும் மூன்று ஆள் ஆழம், அடியில் வெறும் மணல், சுவரோடு ஓர் இரும்பு ஏணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் பஸ் டிரைவரும் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. சுவரின்மேல் கணக்கு வாத்தியாரின் செருப்பும் துண்டும் இருந்தன. ஆளைக் காணோம். புதிதாக ஒரு பலகை நின்றது: 'குதிக்கத் தடை'. அவள் எட்டிப் பார்த்தாள்.

வாத்தியார் கீழே தண்ணீரில் இருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பாசி படிந்த சுவரில் பிடிக்க ஒன்றுமில்லை. சிப்பிகளைப் பற்றிப் பற்றி இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தன.

"ஏணி இல்லம்மா" என்றார். குரல் பாதிதான் வந்தது.

ஆறு வருடமாக ஏறிய ஏணி. சொந்த வீட்டுப் படி இருக்கிறதா என்று யார் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்? பலகையைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் குதித்துவிட்டார். நீந்திக் கரையேற வேண்டுமென்றால் எதிர் நீரோட்டத்தில் ஒரு கிலோமீட்டர்.

டிரைவர் ஓடிப்போய் வண்டி இழுக்கும் கயிற்றைக் கொண்டுவந்தார். அவள் கயிற்றோடு குதித்து, வாத்தியாரின் அக்குளுக்கடியில் சுருக்குப் போட்டுக் கீழிருந்து தள்ள, டிரைவரும் வழியில் போன இருவரும் மேலிருந்து இழுத்தார்கள். பிறகு அவளை இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் வாத்தியாருக்குப் பதினேழு தையல். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

அவள் சுவருக்குத் திரும்பிப்போய்க் குனிந்து சுவரில் மிஞ்சியிருந்த ஏணியின் அடிக்கட்டைகளைப் பார்த்தாள். கேஸ் கட்டரில் அறுத்தது. ஓரத்தில் பிசிறே இல்லை; முடிகிற இடத்தில் மட்டும் லேசாக இடப்பக்கச் சாய்வு. அந்தக் கை யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்தக் கைக்குப் பக்கத்தில் நின்றுதான் அவள் தொழில் பழகினாள்.

அவள் போனபோது, துறைமுகத்தில் வெல்டராக இருக்கும் அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அண்ணி இன்னொரு தட்டு எடுத்தாள்.

"எனக்கு வேணாம் அண்ணி" என்றுவிட்டு அண்ணனிடம் திரும்பினாள். "படகுத்துறை ஏணிய அறுத்தது நீதானே?"

"ஆபீஸ்ல ஆர்டர் குடுத்தாங்க. அறுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலயா? வாரா வாரம் நான் அங்க குதிக்கிறேன்னு தெரியும்ல?"

"பலகை வச்சிருக்கோம்ல? நீ ஆடுறதுக்கு ஊரே ஏணி போட்டுக்கிட்டு நிக்கணுமா?"

"வாத்தியார் அரை மணி நேரம் சுவத்தப் பிராண்டிக்கிட்டு இருந்தாரு அண்ணே. கையெல்லாம் கிழிஞ்சு தொங்குது. நாளைக்குப் படகுலேர்ந்து ஒருத்தன் கால் தவறி விழுந்தா, பலகையப் படிச்சுட்டா ஏறுவான்?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் துறைமுக அலுவலகம் போனாள். அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். அந்தப் பொறுமைதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"ஏணி இருக்குறதாலதாம்மா குதிக்கிறாங்க. இல்லேன்னா குதிக்க மாட்டாங்க."

"குதிச்சாச்சு சார். பதினேழு தையல் போட்டாச்சு."

"மனு எழுதிக் குடுங்க. கமிட்டி அடுத்த மாசம் கூடும்."

"அதுவரைக்கும் விழுறவங்களத் தண்ணியிலயே காத்திருக்கச் சொல்லவா?"

அவர் பேனாவை மூடினார். அவள் மனுவை எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டாள். கோபத்தில் மூன்று இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, ஜெனரேட்டரை டிரைவரின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். பட்டறைக் கழிவில் பொறுக்கிய குழாய்களை ஏணியாக்கி வைத்திருந்தாள். சுவரில் கயிற்றில் தொங்கியபடி துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மேலே சத்தம் கேட்டது. அண்ணன் பழைய ஏணியைத் தோளில் சுமந்து நின்றான்.

"உன் குழாய் ரெண்டு வருஷம்கூட உப்புத் தண்ணி தாங்காது. இதப் போடு."

அவள் நன்றி சொல்லவில்லை. ஏணியைக் கீழே இறக்கச் சொல்லிக் கையை மட்டும் நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான், அவள் ஒட்டினாள். நாலு மணி நேரம். "இன்னும் கொஞ்சம் இடது", "போதும்" என்பதுதான் இருவருக்கும் இடையே நடந்த பேச்சு. ரோந்து வந்த போலீஸ்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். தன் கண்ணில் எதுவும் படவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனுமதியின்றிப் பொதுச் சொத்தில் கைவைத்ததாக அவளுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. மறுபடி அறுக்கச் சொல்லி அண்ணனுக்கும் ஆர்டர் வந்தது. முதுகு வலிக்கிறது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டான். வேறு ஆள் யாரும் வரவில்லை. கமிட்டி இரண்டு முறை கூடி, இரண்டு முறையும் அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டது.

ஏணி இருக்கிறது. பலகையும் இருக்கிறது. வாத்தியார் கை ஆறியபின் ஒருமுறை வந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருந்தார், இறங்கவில்லை. அவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மறுபடி கோபம் மூண்டது. முழு வேகத்தில் ஓடிப்போய்க் கடலுக்குள் பாய்ந்தாள்.