பேனரில் சென் சார்

பெருநகர் கிராமத்து பஸ் ஸ்டாப்பில் இறங்கிய செங்கேணிக்கு முதலில் தெரிந்தது அவள் மகளின் முகம்தான். பட்டுப்பாவாடையும் கூலிங் கிளாஸுமாக, காதணி விழா பேனரில் குழந்தை சிரித்தது. பக்கத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொரு முகம். விழாவுக்கு வாங்கி வந்த பூப்பை கை நழுவி ரோட்டில் விழுந்தது.

சென் சார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேறு. கீழே கொட்டை எழுத்தில்: 'சீன நாட்டின் ரகசிய சபை பாதிரியார் சென் ஐயா அவர்களே, வருக! வருக!'

சென் சார் ஷூ கம்பெனியில் மிஷின் ரிப்பேர் பார்ப்பவர். உத்திரமேரூரில் அவரும் அவர் நாட்டுக்காரர்கள் மூன்று பேரும் தங்கியிருந்த வீட்டில் செங்கேணிக்குச் சமையல் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டாமல் உள்ளே போய்விட்டாள். திரை இழுத்துவிட்ட அறையில், தட்டில் ரொட்டி, சின்னக் கிண்ணம், சென் சார் கழுத்தில் நீளமாக வெள்ளைத் துணி. நாலு பேருக்கும் முகத்தில் ரத்தம் இல்லை.

சென் சார் தன் போனில் பேசினார். போன் தமிழில் சொன்னது: "நான் பாதிரியார். எங்கள் நாட்டில் அரசாங்கத்துக்கு அடங்காத சபைக்குப் பூட்டு. என் குரு ஜெயிலில் இருக்கிறார். தெரிந்தால் எனக்கும் அதே கதிதான். யாரிடமும் சொல்லாதீர்கள்."

குலதெய்வம் கன்னியம்மா மேல் சத்தியம் செய்தாள். ஆனால் வீட்டில் புருஷன் வேதகிரி விடவில்லை. "நாலு ஆம்பளைங்க கீற வூட்ல கதவ சாத்திக்கினு இன்னாடி நடக்குது?" தினமும் இதே பேச்சு. தாங்காமல் அவனிடம் மட்டும் சொன்னாள். அன்றோடு வாயை மூடிக்கொண்டான். கிணற்றில் போட்ட கல் என்று நம்பியிருந்தாள்.

இப்போது அந்த வேதகிரிதான் ஏணிமேல் நின்று பேனருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"யோவ், இன்னாயா பண்ணி வச்சிக்கீற?"

"எப்டி கீது? நம்ம காலனிக்குள்ள ஊர்க்காரன் ஒருத்தன் வந்து கை நனைச்சிக்கீறானா? இவரு இலை போட்டு துன்றேன்னு சொல்லிக்கீறாரு. சும்மா வுடுவனா?"

"அது ரகசியம்னு சொன்னனே!"

"அதான் ரகசிய சபைன்னே போட்டுக்கீறேனே. மருவாதியா இல்ல?"

அவள் கயிற்றை அவிழ்க்கப் போனாள். அதற்குள் ரோட்டில் போன கம்பெனி கார் பேனரைப் பார்த்து நின்றது. ஓட்டி வந்தவர் டிரைவர் ராஜாராம். பின்சீட்டில் சீனாக்கார மேனேஜர். கண்ணாடி இறங்கியது. மேனேஜர் போனைப் பேனருக்கு நேராகப் பிடித்தார்.

எழுத்தைக் காட்டினால் போதும், படித்துச் சொல்லிவிடும் போன். செங்கேணி பாய்ந்துபோய்ப் பேனரைப் பிடித்து இழுத்தாள். ஏணியோடு வேதகிரி சாய்ந்தான். சென் சார் முகம் குறுக்கே கிழிந்தது. ஆனால் மேனேஜர் படித்து முடித்திருந்தார். கண்ணாடி ஏறியது.

குழந்தைக்குக் காது குத்தினார்கள். சென் சாருக்குப் போட்ட இலையில் யாரும் உட்காரவில்லை. மறுநாள் ராஜாராம்தான் சொன்னார்: "சென் சார அவுங்க நாட்டுக்கே அனுப்பிட்டாங்க, ஏர்போர்ட்ல வுட்டுட்டு வந்தேன்மே. போனைக்கூட புடுங்கிக்கினாங்க."

வேதகிரி சோறு தின்னவில்லை. "மருவாதின்னுதான் பண்ணேன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அடுத்த ஞாயிறு, வேலையை விட்டு, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று செங்கேணி உத்திரமேரூர் போனாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதே திரை, அதே தட்டு, மூன்று பேர். அந்த வெள்ளைத் துணி இப்போது அவர்களில் இளையவன் கழுத்தில் கிடந்தது.

அடிக்கத்தான் வருவான் என்று நினைத்தாள். அவன் போனை எடுத்தான். "போவதற்கு முன் என் தலையில் கை வைத்து, இதை எனக்குப் போட்டுவிட்டுப் போனார்," என்றது போன். ரொட்டியைப் பிட்ட அவன் விரல்கள் நடுங்கின.

இத்தனைக்கும் பிறகுமா? இவர்களுக்குப் பயமே கிடையாதா? பயம் இருந்தது. கண்ணெதிரே நடுங்கிக்கொண்டிருந்தது. இருந்தும் பிட்டான்.

செங்கேணி திரையை இன்னும் நன்றாக இழுத்துவிட்டாள். அடுப்படியிலிருந்த மீனையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, படியில் உட்கார்ந்து மீன் ஆயத் தொடங்கினாள்.

கம்பெனி கார் வந்தது. பின்சீட்டில் மேனேஜர்.

"இன்னாமே, உள்ள யாராச்சும் கீறாங்களா?" என்றார் ராஜாராம்.

"யாரும் இல்லண்ணா. பூட்டிக்கீதே, தெரியல?"

கதவுக்குப் பின்னால் மெல்லிய முணுமுணுப்பு. செங்கேணி கத்தியைக் கல்லில் சத்தமாகத் தீட்டினாள்.