இவள் உனக்கு யார்

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவநேசனுக்கு மீன்குழம்பு இறங்கவில்லை. ஆராதனை முடிந்து நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்கு வந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே மகள் ஜெபினா, ஐசாயாவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டாள். ஐசாயா நியூவர்க்கில் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கறுப்பினத்தவன்.

"வெள்ளக்காரன்னாக்கூட ஊர்ல சொல்லிக்கலாம் மக்ளே" என்றாள் அம்மா ஜெயசெல்வி. கரண்டி அவள் கையிலேயே நின்றது.

"என்னன்னு சொல்லிப்பீங்க?"

"மாப்பிள்ளை இஞ்சினியர்னு சொல்லுவோம்."

"இவனும் இஞ்சினியர்தாம்மா."

ஜெயசெல்வி புருஷனைப் பார்த்தாள். தேவநேசனின் மூக்கும் மேலுதடும் ஒருமுறை சுருங்கின, கெட்டுப்போன பாலை மோந்து பார்த்த மாதிரி. ஜெபினா அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமைலேர்ந்து சர்ச்ல ஓலை வாசிக்கப் போறாங்க. பாஸ்டர்கிட்ட பேசிட்டேன். அதுக்கு முன்னாடி பொண்ணோட அப்பா ஃபார்ம்ல சைன் பண்ணணுமாம். சனிக்கிழமை அவனக் கூட்டிட்டு வரேன். பேசிப் பாருங்க. வருவீங்களா மாட்டீங்களான்னு அப்ப சொல்லுங்க."

கல்யாண ஓலை என்பது பழைய ஏற்பாடு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு முன்னால் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். பெண்ணின் தகப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவன் வராவிட்டால் தடை என்று ஒருவரும் எழ வேண்டியதே இல்லை, காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியே போதும். ஜெபினா கேட்டது அந்த நாற்காலியைத்தான்.

சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை இருந்தது. அன்று தேவநேசன் 1818ஆம் வருஷத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அவர் வேலை பார்த்தது பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்துக் கம்பெனியில். புதிய மருந்துக்குப் புதிய கிருமி வேண்டும், கிருமிக்கு நல்ல மண் வேண்டும். இருநூறு வருஷத்துக்கு முந்தைய மண் என்றால் உரமும் பூச்சிமருந்தும் படாத மண். அதை எடுத்து வரத்தான் ஆற்றோரத்தில் ஒரு கொட்டகை, அதற்குள் ஓர் இயந்திரம்.

அது வேலை செய்யும் விதம் தராசை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு தட்டு இந்தக் காலத்தில், இன்னொரு தட்டு அந்தக் காலத்தில், இரண்டும் ஒரே இடத்தில். இந்தத் தட்டில் எழுபத்தெட்டுக் கிலோ வைத்தால் அந்தத் தட்டிலிருந்து எழுபத்தெட்டுக் கிலோ காற்றும் கல்லும் இங்கே வந்து நிற்கும். தொண்ணூறு நிமிடத்தில் தட்டுகள் மறுபடி மாறும். போன எடைதான் திரும்ப வேண்டும். அதனால் தேவநேசன் நான்கு கிலோ மணல்மூட்டையோடு போவார், மணலைக் கொட்டிவிட்டு அதே மூட்டையில் நான்கு கிலோ மண்ணோடு வருவார். ஒரு பிடி கூடவோ குறையவோ கூடாது. மனிதரைக் கூட்டி வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இயந்திரத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். மருந்துத் தொழிலில் எந்த வேலைக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். செய்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். இருபது வருஷமாக தேவநேசன் சரிபார்த்தவர்.

புறப்படும்போது பொள்ளாச்சிக்காரன் பசுபதி, கொட்டகையின் டெக்னீஷியன், பழுப்பேறிய தாள் ஒன்றை அவருடைய கோட்டுப் பையில் வைத்தான். அந்தக் காலத்துச் சான்றிதழ் மாதிரி அச்சடித்தது. இந்தத் தாளை வைத்திருப்பவர் யாருடைய அடிமையும் அல்ல என்று அதில் இருந்தது.

"கிரீன் கார்டுக்குப் பதினோரு வருசம் நின்னேன். நீ பதினோரு நிமிசத்துல அடிச்சுட்ட" என்றார் தேவநேசன்.

"எங்கிட்ட கியூ கம்மிங்ணா."

"இதுல என்ன நிறமுள்ள மனிதன்னு போட்டிருக்க? இந்தியன்னு போட வேண்டியதுதான?"

"அங்க ரெண்டே பொட்டிதாங்ணா. வெள்ளைக்காரனா இல்லாட்டி இந்தப் பொட்டி. நமக்குன்னு மூணாவது பொட்டி யாரும் செஞ்சு வைக்கல."

தேவநேசன் தாளை மடித்துக்கொண்டார். முகம் மறுபடி சுருங்கியது.

"ஒம்பதாம் விதி ஞாபகம் இருக்குதுங்களா?"

ஞாபகம் இருந்தது. அங்குள்ள எவரோடும் உறவோ உறுதிமொழியோ ஏற்கக் கூடாது. சின்ன மாற்றங்களைக் கடந்தகாலம் விழுங்கிவிடும், ஆறு கூழாங்கல்லை விழுங்குவதுபோல. எவ்வளவு பெரிய கல் வரை விழுங்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு விதி போட்டு வைப்பதுதான் கம்பெனி வழக்கம்.

ஆற்றங்கரையில் மணலைக் கொட்டி, முக்கால் மூட்டை மண் அள்ளியிருப்பார். பின்னாலிருந்து நாய் குரைத்தது. இரண்டு பேர் வந்தார்கள். அடுத்தவர் நிலத்தில் குழி தோண்டும் மாநிற மனிதனிடம் அவர்கள் அதிகம் கேட்கவில்லை. மூட்டையும் கையுமாக அவரைக் கால் மைல் நடத்தி ஒரு வீட்டுக்குள் கொண்டு நிறுத்தினார்கள். அது நீதிபதியின் வீடு.

முதலில் நாற்றம்தான் அடித்தது. விலங்குக் கொழுப்பு மெழுகுவத்தி, ஈரக் கம்பளி, புகையிலை எச்சில். மேசைக்குப் பின்னால் நீதிபதி, பக்கத்தில் எழுத்தர். சுவரோரம் பூட்ஸ் காலை நீட்டி உட்கார்ந்து புகையிலை மென்றுகொண்டிருந்த இளைஞன் பண்ணை முதலாளியின் மகன். நடுவில் இடுப்பில் கைக்குழந்தையோடு அந்தப் பண்ணையின் அடிமையான ஒரு கறுப்பினப் பெண். எழுத்தர் அவளைக் கேண்டஸ் என்று கூப்பிட்டார்.

"இவன் நிற்கட்டும். இதை முடித்துவிடுவோம்" என்றார் நீதிபதி. தேவநேசனின் தாளை எழுத்தர் உரக்கப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

அங்கே நடந்தது விளங்க, அன்றைய நியூ ஜெர்சி சட்டம் தெரிய வேண்டும். 1804இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அந்த வருஷம் ஜூலை நான்குக்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கு வயது வந்ததும் விடுதலை. பெண்ணுக்கு இருபத்தொன்று, ஆணுக்கு இருபத்தைந்து. அதுவரை தாயின் முதலாளிக்கு உழைக்க வேண்டும். கேண்டஸ் அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்தவள். அவளுக்கு ஆயுள் முழுக்க அடிமைத்தனம், அவள் குழந்தைக்கு என்றோ ஒரு நாள் விடுதலை. ஆனால் லூசியானாவுக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டால் அந்த நாள் வராது. அங்கே கரும்புத் தோட்டத்தில் ஆளுக்கு விலையும் அதிகம். குறுக்கே இருந்தது ஒரே தடை. மாநிலத்தை விட்டு வெளியே அனுப்ப, அனுப்பப்படும் அடிமைகள் சம்மதிக்க வேண்டும், அதை ஒரு நீதிபதி விசாரித்து எழுத வேண்டும். காப்பாற்றுவதற்காகப் போட்ட பூட்டு. சாவியோ ஆளை விற்கிறவனின் நண்பனான நீதிபதியிடம்.

"லூசியானாவுக்குப் போக உனக்குச் சம்மதம்தானே?"

கேண்டஸ் பதில் சொல்லவில்லை.

"மறுப்பு ஏதும் இல்லை" என்றார் நீதிபதி. எழுத்தர் எழுதினார். "குழந்தை?"

"ஏழு மாதம் ஐயா" என்றார் எழுத்தர்.

நீதிபதி மேசையைத் தாண்டிக் குனிந்து, குழந்தையின் முகத்துக்கு நேரே கேட்டார். "உனக்குச் சம்மதமா?" குழந்தை வீறிட்டு அழுதது.

"சம்மதித்தது என்று எழுது."

இளைஞன் சிரித்தான். புகையிலைச் சாறு அவன் தாடையில் வழிந்தது. தேவநேசனை அருவருக்க வைத்தது அக்கிரமம் மட்டுமல்ல. படிவம் ஒரு குறையும் இல்லாமல் நிரம்பியிருந்தது. கேட்டவர், எழுதியவர், தேதி, பெயர், வயது, எல்லாம் சரி. இப்படி ஒரு தாள் தன் மேசைக்கு வந்தால் தானும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்போம் என்று அவருக்குத் தோன்றியது.

"இன்னும் ஒன்று ஐயா" என்றாள் கேண்டஸ். "என் புருஷனைக் கேட்கவில்லையே."

"எந்தப் புருஷன்?"

"இதோ நிற்கிறாரே. கப்பலில் போயிருந்தார். விடுதலை பெற்றவர், தாளை இப்போதுதான் படித்தீர்கள். அவர் சம்மதிக்க மாட்டார். பிள்ளையின் நிறத்தைப் பாருங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். குழந்தை தாயின் நிறமில்லை. சரியாக தேவநேசனின் மாநிறம். அந்த மாநிறம் எங்கிருந்து வந்தது என்று அறையில் ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. எழுத்தரின் கண் பூட்ஸ் காலின் பக்கம் போய், சட்டென்று தாளுக்குத் திரும்பியது. இளைஞன் மெல்லுவதை நிறுத்தினான். தன் பிள்ளையைத்தான் அவன் விற்க வந்திருந்தான். கேண்டஸைக் கேட்டு நடந்தது எதுவும் இல்லை, அதைக் கேட்க ஒரு படிவமும் இல்லை.

அவள் செய்தது என்ன என்று தேவநேசன் பிறகுதான் பிரித்துப் பார்த்தார். எழுத்தர் தாளைப் படித்து முடித்ததற்கும் குழந்தை அழுததற்கும் நடுவில் அரை நிமிடம் இருந்தால் அதிகம். அதற்குள் அவள் ஓர் இயந்திரத்தையே கட்டியிருக்கிறாள். விடுதலை பெற்ற ஓர் ஆள். கையில் தாள். குழந்தையின் நிறம். அப்படிப்பட்டவன் சாட்சிகள் முன்னால் என் மனைவி, என் பிள்ளை என்று சொல்லிவிட்டால் 'மறுப்பு ஏதும் இல்லை' என்று அன்றைக்கு எழுத முடியாது. லூசியானாக் கப்பலோ விடிந்தால் போகிறது. ஒரு திருகாணிதான் பாக்கி. அவர் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும்.

நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். "சொல். இவள் உனக்கு யார்?"

கேண்டஸ் ஓரடி நகர்ந்து அவர் கைமேல் கை வைத்தாள்.

"ச்சீ" என்றார் தேவநேசன்.

யோசித்துச் சொன்னதல்ல. கை தானாக உதறியது, மூக்கும் மேலுதடும் தானாகச் சுருங்கின. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் நீதிபதிக்கு விளங்கிற்று, எழுத்தருக்கு விளங்கிற்று, அவளுக்கும் விளங்கிற்று. பிறகுதான் அவர் ஆங்கிலத்தில் சொன்னார், தனக்கும் இவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று.

"பார்த்தாயா?" என்று நீதிபதி சிரித்தார். "இவனுக்கே வேண்டாமாம்." தாளை மடித்து தேவநேசனின் கோட்டுப் பையில் செருகிவிட்டார். "நல்லவன். போய்விடு. இந்தப் பக்கம் இனித் தோண்டாதே."

மூட்டை தோளில் இருக்க, தேவநேசன் ஆற்றங்கரைக்கு ஓடி, குறைந்திருந்த மண்ணை அள்ளி நிரப்பினார். எடை சரியாக இருந்தது.

தட்டு மாறித் திரும்பியதும் கொட்டகையில் வாந்தி எடுத்தார். பயண மயக்கம் என்று பசுபதி தண்ணீர் கொடுத்தான். அறிக்கைப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. யாராவது உறவு கோரினார்களா? ஆம். பதில்? மறுத்தேன். காரணம்?

பேனா நின்றது. ஒன்பதாம் விதி அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை. நினைவில் இருந்தது அவள் கை பட்ட இடம் மட்டும்.

"ஒம்பதாம் விதின்னு போடுங்ணா" என்றான் பசுபதி. "வேற யாரா இருந்தாலும் மனசு இளகி ஆமான்னு சொல்லி மாட்டியிருப்பாங்க. நீங்க ஸ்டெடியா நின்னுட்டீங்க."

தேவநேசன் ஒன்பதாம் விதி என்று எழுதினார். பசுபதி சரிபார்த்தவர் இடத்தில் கையெழுத்துப் போட்டான். மறுநாள் மேலாளர் மின்னஞ்சலில் பாராட்டி, அடுத்த மூன்று பயணங்களுக்கும் அவரையே போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு தேவநேசன் கை கழுவப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டார். எதைக் கழுவுகிறோம் என்று பாதியில் உறைத்தது. குழாயை மூடிவிட்டு, நுரையோடு அப்படியே நின்றார்.

சனிக்கிழமை காலை ஐசாயா வந்தான். வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஜெயசெல்வி காபியை அவன் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள். அப்படி ஒன்றை அன்றுதான் தேவநேசன் கவனித்தார்.

"அங்கிள், ஞாயிற்றுக்கிழமை..." என்று ஐசாயா ஆங்கிலத்தில் தொடங்கினான்.

"வர்றேன். சைன் பண்றேன்" என்றார் தேவநேசன்.

ஜெபினாவின் முகம் மலர்ந்தது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த மலர்ச்சி அவருக்குத் திருடின பொருளாகப் பட்டது. "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றார்.

சொன்னார். ஆங்கிலத்தில் தராசைச் சொன்னதும் ஐசாயாவுக்குப் பிடிபட்டுவிட்டது. லிஃப்ட் ஏறும்போது மறுபக்கம் எடை இறங்குவதுபோல என்றான். அந்த ஒரு நிமிடம் இருவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சட்டத்தைச் சொன்னார், தேதியைச் சொன்னார். பூட்ஸ், புகையிலைச் சாறு, குழந்தை அழுதது, அதை எழுதியது எல்லாம் சொன்னார். கடைசியில் தன் கையையும் தன் வாயிலிருந்து வந்த சொல்லையும் சொன்னார்.

"விதி இருந்துச்சுல்ல. நீங்க என்ன செய்வீங்க?" என்றாள் ஜெயசெல்வி.

"விதிக்காகச் சொல்லல செல்வி."

ஐசாயா மெதுவாகக் கேட்டான். "பார்க்க எப்படி இருந்தாள்?"

தேவநேசன் வாயைத் திறந்தார். நீதிபதியின் மேசைக்கு நான்கு கால், ஒன்றில் முட்டுக்கொடுத்திருந்தார்கள். மைக்கூடு ஈயம். எழுத்தரின் இடது கையில் ஒரு விரல் குட்டை. எல்லாம் தெரிந்தது. கண்ணை மூடித் தேடினார். அவள் இடுப்பில் குழந்தை தெரிந்தது, தன் கைமேல் அவள் கை தெரிந்தது. கைக்கு மேலே ஒன்றும் இல்லை.

"நான் பாக்கல" என்றார். "மூஞ்சிய நான் பாக்கவே இல்ல."

ஐசாயா தலையசைத்தான். காபியைத் தொடாமல் எழுந்தான். ஜெபினாவும் எழுந்து கார்ச் சாவியை எடுத்தாள்.

"அப்பா, நாளைக்கு நீங்க வராதீங்க."

"சைன் பண்ணணும்ல மக்ளே."

"பாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். அந்த சேர் காலியாவே இருக்கட்டும். யாராச்சும் ஏன்னு கேட்டா, நான் எந்திரிச்சு சொல்றேன்."

ஜெயசெல்வி அழத் தொடங்கினாள். வாசலில் ஐசாயா குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான், ஜெபினா அவன் தோளில் கை வைத்தபடி செருப்பை மாட்டினாள். தேவநேசன் அவன் முகத்தைப் பார்த்தார். நெற்றி, புருவம், மூக்கு, தாடையில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. இனி யார் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவன் நிமிரவில்லை.