ஹார்டன்வைக்கில் முளைத்த கோடுகள்

கோடு போடும் வண்டியின் குழாயை மூட மறந்து நெவில் கிராப்ட்ரீ வீட்டுக்கு நடந்துபோன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், ஹார்டன்வைக் ஊர் முழுவதும் ஐந்து கஜத்துக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகள் முளைத்திருந்தன. மூடிக் கிடக்கும் கம்பளி ஆலையின் வாசலில் தொடங்கிய கோடுகள், தேவாலயத்துக்குள் நுழைந்து, கசாப்புக் கடையில் கறி வெட்டும் மேசையின் மேல் ஏறி இறங்கி, கால்வாய்த் தண்ணீரின் மேலும் கலையாமல் கிடந்து, அக்கரையில் பன்றிப் பண்ணைவரை நேராக ஓடின. அன்று மழை பெய்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் மழை பெய்வது செய்தியே இல்லை, சாயம் அழியாததுதான் செய்தி.

ஊரின் ரக்பி மைதானத்துக்குக் கோடு போடுவது நெவிலின் வேலை. சம்பளம் கிடையாது, ஆட்ட நாளில் இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு பண்டமும் பட்டாணி மசியலும் இலவசம். மைதானத்தை ஞாயிறு காலையில் அமெரிக்கக் கால்பந்துக்காரர்களுக்கு விடுவதென்று சங்கக் கமிட்டி கைதூக்கி முடிவு செய்தபோது, கை தூக்காத ஒரே ஆள் அவர்தான். அந்தக் குழுவைச் சேர்த்தவர் எர்ரல் பேர்ட், ஊர்ப் பேருந்தின் ஓட்டுநர். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஜமைக்காவிலிருந்து வந்து இதே ஆலையில் வேலை பார்த்தவர்கள். சின்ன வயதில் தொலைக்காட்சியில் பார்த்த அந்த ஆட்டம் எர்ரலின் மனதைவிட்டுப் போகவே இல்லை. பிளம்பர், பல் டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஆள் பிடித்து, தோளுக்கு மெத்தையும் தலைக்குக் கவசமும் மாட்டிவிட்டு அவர் ஓடவிட்டார். ரக்பிக்காரன் காது கிழிந்தாலும் வெறுந்தலையோடு ஆடுகிறான், இவன்கள் படுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிறான்கள் என்று நெவில் சொல்லி வந்தார். முதல் தடவை எல்லாரும் சிரித்தார்கள். பத்தாவது தடவை அவர் மட்டும் சிரித்தார்.

அந்த ஞாயிறன்று தன் ரக்பிக் கோடுகளின் மேலேயே அவர்களுக்கும் ஐந்து கஜத்துக்கு ஒன்றாக அவர் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மனைவி ஏவ்ரில் டீ கொண்டுவந்தார். ஃப்ளாஸ்கைத் திறந்து முதல் கோப்பையை எர்ரலுக்கு ஊற்றிக் கொடுத்தார். எர்ரல் ஏதோ சொல்ல, ஏவ்ரில் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நெவில் பார்த்தது எந்த வருஷம் என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை. யோசித்தபடியே வண்டியைத் தள்ளிக்கொண்டு எல்லைக் கயிறு, வெளிவாசல், சாப்பல் தெரு எல்லாவற்றையும் கடந்து வீட்டுச் சமையலறைவரை வந்துவிட்டார். அங்கேதான் சாயம் தீர்ந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தபோது தன் பொறாமை மைதானத்திலிருந்து அடுப்படிவரை வெள்ளை வெளேரென்று நீண்டு கிடந்ததைக் கண்டார். நல்ல நேரான கோடு என்று ஒரு நிமிஷம் பெருமையும் பட்டுக்கொண்டார்.

நகராட்சி ஆட்கள் தேய்த்தார்கள், மறுநாள் கோடு இருந்தது. மைதானக்காரர்கள் தப்பான கோட்டைப் பச்சைச் சாயம் பூசி மறைப்பதுண்டு. நெவிலும் தன் படுக்கையறைத் தரையில் அப்படிப் பூசிப் பார்த்தார். கட்டிலின் நடுவே, அவருக்கும் ஏவ்ரிலுக்கும் இடையில் ஓடிய கோடு காலையில் பச்சையைத் தாண்டி மேலே வந்திருந்தது, கூடவே ஓர் எண்ணும் முளைத்திருந்தது. அதன்பின் எல்லாக் கோடுகளுக்கும் எண் வந்தது. தபால்காரர் தெருப் பெயரைப் பார்ப்பதை விட்டார். அமெரிக்க ஆட்டத்தில் நடுக்கோடான ஐம்பதாம் கஜத்தை ஒட்டிய வீடுகள் நல்ல விலைக்குப் போயின. இரண்டு கோடியிலும் இருந்த வீடுகளுக்கு ஆள் கிடைக்காததால் வாடகையைக் குறைத்தார்கள்.

கோடு தோன்றிய இரண்டாம் மாதத்தில் ஜனங்கள் நிற்கத் தொடங்கினார்கள். நடப்பார்கள், கோடு வந்ததும் கால் தானாக நின்றுவிடும். அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் கூடுவதுபோல, அருகில் நிற்பவர்கள் குனிந்து, தலையோடு தலை ஒட்டி வட்டமாய்ச் சேர்ந்து ஏதாவது பேசுவார்கள். பேசி முடித்ததும் கால் விடுபடும், அடுத்த கோடுவரை நடப்பார்கள். எர்ரலின் பேருந்தும் அப்படித்தான் போனது. சந்தைக்குப் போக முன்பு கால் மணி நேரம், இப்போது அரைநாள். முதல் வாரம் புகார் கொடுத்தவர்கள் அடுத்த வாரம் வீட்டிலிருந்து சாண்ட்விச் கட்டி எடுத்துவந்தார்கள். ஒரு வேட்டை நாய்க்குட்டி யாருக்கு என்ற தகராறில் பேச்சை முறித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர், வங்கி வாசல் கோட்டில் நெற்றியோடு நெற்றி முட்டி நிற்க வேண்டி வந்தது. முதல் நாள் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். அந்த வாரமே நாயை மாற்றி மாற்றி வளர்ப்பதென்று முடிவாயிற்று. சவப்பெட்டி தூக்குபவர்களும் நின்று நின்றே போனதால் இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வழியிலேயே பேசப்பட்டுவிட்டது. பாதிரியாருக்குப் பிரசங்கம் சுருங்கியதில் வருத்தம் இல்லை.

நெவிலின் கால் மட்டும் நிற்கவில்லை. ஊரையே நிறுத்திய கோட்டைப் போட்டவர் அதைச் சாதாரணச் சாயமாக மிதித்துப் போனார். தெருவெங்கும் குனிந்த முதுகுகள், முணுமுணுப்பு, சிரிப்பு. நடுவே அவர் ஒருவர் மட்டும் ஏதோ அவசர வேலை இருப்பவர்போல் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார், வேலை ஒன்றும் கிடையாது. டாக்டரிடம் போனார். முட்டி இரண்டும் அருமையாக இருக்கின்றன என்று டாக்டர் பாராட்டினார்.

வருஷங்கள் ஓடின. முதல் வருஷம் அமெரிக்க ஆட்டத்தை மதுக்கடையின் பின்னறையில், டார்ட்ஸ் பலகைக்குக் கீழே, நாலைந்து பேர் பார்த்தார்கள். மறுவருஷம் ஆட்டம் முன்னறைக்கு வந்தது, ரக்பி பின்னறைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கும். ரக்பி பார்த்துவிட்டு நெவில் வீடு திரும்பினால் வறுத்த மாட்டுக்கறி ஒரு தட்டில் இருக்கும், அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருக்கும், ஏவ்ரில் இருக்க மாட்டார், மதுக்கடையில் இருப்பார். பிறகு ஏவ்ரில் ஒரு சட்டை வாங்கினார், முழங்கால்வரை தொங்கும் ஆரஞ்சு நிறச் சட்டை, முதுகில் நெவில் கேள்விப்பட்டே இராத ஓர் ஆட்டக்காரனின் பெயர். அது துணிக்கொடியில் காயும்போது காற்றில் உப்பி ஆள் மாதிரி நின்றது. நெவில் அதை இரண்டு முறை முறைத்தார். ஒரு முறை அதனிடம் பேசியும் விட்டார்.

இலையுதிர்காலத்தில் லண்டனுக்கு அமெரிக்கக் குழுக்கள் ஆட வந்தபோது ஊரிலிருந்து ஒரு வண்டி நிறைய ஆட்கள் கிளம்பினார்கள். ஆடுவது எந்த இரண்டு குழுவானாலும் சரி, இந்த நாட்டு ரசிகர்கள் அவரவருக்குப் பிடித்த குழுவின் சட்டையில்தான் போவார்கள். ஒரே கல்யாணத்துக்கு ஊரிலுள்ள மாப்பிள்ளைகள் எல்லாரும் மாலையும் கழுத்துமாய் வந்ததுபோல் இருந்தது வண்டி. ஜன்னலோரம் ஏவ்ரில் ஆரஞ்சாக உட்கார்ந்திருந்தார், ஓட்டுநர் இருக்கையில் எர்ரல். நெவில் கையசைத்து வழியனுப்பிவிட்டுப் போய், யாரும் ஆடாத மைதானத்துக்குக் கோடு போட்டார்.

ஏவ்ரிலுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று அவர் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தார். மதுக்கடைக்கார க்ளெனிஸ், "எனக்கென்ன தெரியும் கண்ணு, நான் பீர் ஊத்துறவ. ஆனா ஒண்ணு, அவ வந்தா கடையே கலகலன்னு இருக்கும்" என்றார். அது நெவிலுக்கு இன்னும் மோசமாகப் பட்டது. அவர் வீட்டில் ஏவ்ரில் இருந்தால் கெட்டில் மட்டும்தான் சத்தம் போடும். எர்ரலைப் பேருந்திலேயே பிடித்தார். பேருந்து கோட்டில் நின்றிருந்தது, எர்ரல் பயணிகளோடு தலை கவிழ்த்திருந்தார்.

"எர்ரல், நேராவே கேக்கறேன். என் பொண்டாட்டி உன்கிட்ட என்னத்தக் கண்டா?"

எர்ரல் நிமிர்ந்தார். "என்கிட்டயா? நான் ஒரு பேருந்து ஓட்டுறவன்யா நெவ். அதுவும் இப்ப ஓட்டுறதே இல்ல, பாதி நேரம் நிக்குது."

"பேச்ச மாத்தாத."

"நீயே ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாரேன். இல்ல, அவகிட்டயே கேளு."

"அவகிட்ட கேக்கத் தெரிஞ்சா உன்கிட்ட ஏன்யா வர்றேன்?" என்றார் நெவில். பேருந்தில் இருந்தவர்கள் நகர்ந்து, வட்டத்தில் அவருக்கும் ஓர் இடம் விட்டார்கள். அந்த அனுதாபம் அடி வாங்கியதைவிட வலித்தது.

அடுத்த ஞாயிறு அவர் ரக்பிக்குப் போகவில்லை. மதுக்கடை ஜன்னலுக்கு வெளியே, பூந்தொட்டிகளின் மறைவில் நின்று உள்ளே பார்த்தார். திரையில் ஆட்டம் நின்றிருந்தது. ஏவ்ரில் மேசைமேல் உப்பு டப்பாவையும் வினிகர் குப்பியையும் நகர்த்தி நகர்த்தி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். பல் டாக்டர், பிளம்பர், எர்ரல் எல்லாரும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏவ்ரில் சொன்னபடியே திரையில் நடந்தது போலும், கூச்சலில் கடையின் கூரை அதிர்ந்தது. தன் மனைவிக்கு ஓர் ஆட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் உண்டு என்பது, கோடு முளைத்ததைவிட நெவிலுக்கு ஆச்சரியமாக இருந்தது. எர்ரல்மேல் இருந்த பொறாமை பல் டாக்டர், பிளம்பர் என்று பரவி, கடைசியில் வினிகர் குப்பிமேலும் வந்து நின்றது.

வீட்டுக்கு ஓடி, ஆயுளில் முதல் முறையாகத் தானே மாட்டுக்கறியை அடுப்பில் வைத்து, கறியோடு சாப்பிடும் யார்க்ஷயர் புடிங்குக்கு மாவு கலக்கினார். பிறகு மனது கேட்காமல் ஏவ்ரிலை அழைத்துவரப் போனார். நன்றாக இருட்டியிருந்தது. ஏவ்ரில் சாப்பல் தெருவில் ஒவ்வொரு கோட்டிலும் நின்று, எதிரே வருபவர்களோடு குனிந்து பேசி, நிதானமாக வந்துகொண்டிருந்தார். நெவில் அவரைத் தாண்டிப் போவதும் திரும்பி வருவதுமாக, கயிறு அறுந்த நாய்போல அலைந்தார்.

"எர்ரலா?" என்று ஒரு கோட்டில் கேட்டார்.

"குளிருது, நட."

"பல் டாக்டரா?"

"அந்த ஆள் வாய் நாத்தம் உனக்குத் தெரியாதா?" ஏவ்ரில் சிரித்தபடி அடுத்த கோட்டுக்கு நடந்தார்.

கடைசிக் கோடு சமையலறை வாசற்படியில், நெவில் தன் கையாலேயே போட்டது. ஏவ்ரில் அதில் நின்றார். பக்கத்தில் யாரும் இல்லாததால் அவர் எப்போதும் அங்கே தனியாகக் குனிந்து, ஒரு மூச்சு விட்டுவிட்டு, உள்ளே வருவது வழக்கம். இத்தனை வருஷமும் நெவில் அந்நேரம் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருப்பார். இன்று அவரும் கோட்டில் நின்றார். வேண்டுமென்றேதான் நின்றார். பிறகு ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார், வரவில்லை. மற்றதும் வரவில்லை. அவருக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. குனிந்து, மனைவியின் நெற்றியில் நெற்றியை வைத்தார். பீர் வாசனையும் ஷாம்பு வாசனையும் கலந்து வந்தது.

"ஏவ்ரில், என்னை விட்டுட்டுப் போயிடுவியா?"

"ஒரு வருஷம் அப்படி நினைச்சேன்" என்றார் ஏவ்ரில். "எர்ரலுக்காக இல்ல. எவனுக்காகவும் இல்ல. முப்பது வருஷம் உன் பக்கத்துல நின்னு ரக்பி பாத்தேன் நெவில். வாயத் தொறந்தா உஷ்ஷுன்னுவே. முடிஞ்சதும் தோத்துட்டோம்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவே. இந்த ஆட்டம் நின்னு நின்னு போகுது. நிக்கிறப்ப அந்த மடையனுங்க 'உனக்கு என்ன தோணுது ஏவ்ரில்'னு கேக்கறானுங்க. அவ்வளவுதான். நீ ஒரு தரம்கூடக் கேட்டதில்ல."

"இனிமே கேட்டா?"

"கேட்டாலும் ஞாயித்துக்கிழமை நான் அங்கதான் போவேன். அது எனக்குப் பிடிச்சிருக்கு. உன்னையும் பிடிச்சிருக்கு. அது வேற, இது வேற. போதுமா? கால் விட்டுடுச்சு, தள்ளு, எதையோ அடுப்புல வச்சுக் கருக்கியிருக்க."