உப்பு உதிரும் வாரங்கள்

அலெக்சாண்டரின் வலது கால் பெருவிரல் மறுபடியும் வீங்கிச் சிவந்திருந்தது. மின்விசிறிக் காற்று பட்டாலே வலித்தது. ஆஸ்டின் டவுன் வீட்டின் முன்னறையில், காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, கையில் மாத்திரை அட்டையோடு உட்கார்ந்திருந்தான். இந்த மாத்திரையைத் தொடர்வதா, குப்பையில் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

"முன்னல்லாம் வருசத்துக்கு ஒரு தடவ, ரெண்டு தடவ வரும். இத போட ஆரம்பிச்சதும் ஒரே மாசத்துல ரெண்டு தடவ. இன்னா வைத்தியம் இது?"

அவன் மனைவி சோனியா ஐஸைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். "நிறுத்துனா மூட்டு எலும்பையே அரிச்சுடும்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?"

"வலி எனக்கா அவங்களுக்கா?"

"கத்துறது என் காதுல தான்."

கவுட் என்னும் இந்த நோய் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. யூரிக் அமிலம் உடம்பில் தினமும் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றும். வெளியேறாமல் மிஞ்சியது ரத்தத்திலேயே சுற்றும். சூடான காப்பியில் கரைகிற சர்க்கரை, ஆறிய காப்பியில் அடியில் தங்கிவிடுகிறது அல்லவா? அதுபோல உடம்பிலேயே குளிர்ச்சியான பகுதியான கால் விரலில், ஊசி ஊசியான உப்பாக அது படிகிறது. ஊசிகள் சும்மா படிந்து கிடக்கும்வரை வலி தெரியாது. அவை கலைந்தால் உடம்பின் காவல்படை அவற்றை எதிரி என்று நினைத்துப் பாய்கிறது. அந்தச் சண்டைதான் வீக்கம், சூடு, வலி எல்லாம்.

போன் அடித்தது. மல்லேஸ்வரத்திலிருந்து ஜானகி. போர்வெல் தண்ணீரின் உப்பை நீக்கும் சாஃப்ட்னர் கருவிகளை வீடு வீடாகப் பொருத்துவது அலெக்சாண்டரின் தொழில். ஜானகி வீட்டில் போன மாதம்தான் ஒன்றைப் பொருத்தியிருந்தான்.

"அலெக்ஸ், நீ மாட்டின மெஷினைக் கழட்டிண்டு போயிடுப்பா. வாளி பூரா வெள்ள வெள்ளயா தூள் வர்றது. முன்னாடி இப்படி வந்ததே இல்ல!"

"அம்மா, அது வந்தா தான் மெஷின் வேலை செய்யுதுன்னு அர்த்தம்." அவன் குரலில் உற்சாகம் ஏறியது. "உங்க பைப்புக்குள்ள இருபது வருசத்து உப்பு ஒட்டியிருக்கு. இப்போ நல்ல தண்ணி போகுது. பழைய உப்பு கரையுது. ஆனா ஒரே சீரா கரையாது, ஓரம் ஓரமா உடைஞ்சு வரும். அதுக்காக நிறுத்துனீங்கன்னா மறுபடி ஒட்டிக்கும். ஆமா, தூளைப் பிடிக்க குழாய்ல ஒரு வலை மாட்டினேனே, இருக்கா?"

"தண்ணி மெதுவா வருதேன்னு கழட்டிட்டேன்."

"ஐயோ அம்மா! எல்லாம் உதிர்ந்து முடியற வரைக்கும் அந்த வலை இருக்கணும்."

"மொதல்லயே சொல்லப்படாதோ?"

"சொன்னேம்மா. நீங்க அப்போ குக்கர் விசிலை எண்ணிட்டிருந்தீங்க."

சிரித்தபடி போனை வைத்தவன், சோனியா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

"அந்தம்மாவுக்கு சொன்னத இன்னொரு தடவ சொல்லு. உன் காலப் பாத்து சொல்லு."

அவன் காலைப் பார்த்தான். மாத்திரை அட்டையைப் பார்த்தான். ரத்தத்தில் யூரிக் அமிலம் குறையக் குறைய, பல வருடங்களாகப் படிந்திருந்த ஊசிகளும் கரையத் தொடங்கும், அப்போது சில பெயர்ந்து விழும், காவல்படை விழித்துக்கொள்ளும். மருந்து ஆரம்பித்த மாதங்களில் வலி கூடுவது இதனால்தான். இதெல்லாம் அவனுக்கு ஒரு நொடியில் பிடிபட்டது. ஆனால் சோனியா அதோடு விடவில்லை. அலமாரியிலிருந்து பிரிக்காத இன்னொரு அட்டையை எடுத்து வந்து அவன் மடியில் போட்டாள்.

"வலையை கழட்டிப்போட்டது அந்தம்மா மட்டுமில்ல. வலிய தடுக்க இந்தச் சின்ன மாத்திரையும் கூடவே போடணும்னு சொன்னாங்களா இல்லியா?"

"ஒரு வியாதிக்கு எதுக்கு ரெண்டு மாத்திரைன்னு..."

"ஒரு பைப்புக்கு எதுக்கு வலை?"

அவன் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தான். கிளினிக்குக்கு போன் போட்டான். டாக்டர் திட்டிவிட்டு, பெரிய மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார். அவன் சாப்பிடும் மற்ற மருந்துகளை விசாரித்துச் சின்னதற்கு அளவு சொன்னார். வலிக்கிறதே என்று தானாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது, அளவு மீறினால் அதுவும் விஷம் என்று எச்சரித்தார்.

அடுத்த வலி வர ரொம்ப நாளானது. ஒரு காலையில் பல் துலக்கும்போது விரலில் குறுகுறுப்பு தெரிந்தது. அவன் பதறவில்லை. இப்படி வந்தால் போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த மருந்தைப் போட்டான், தண்ணீர் குடித்தான், காலைத் தூக்கி வைத்தான். பிறகு அன்று மெஷின் மாட்ட வரச் சொல்லியிருந்த வாடிக்கையாளர் ஷ்ரேயாவைப் போனில் கூப்பிட்டான். முன்பெல்லாம் சுளுக்கு என்று பொய் சொல்லி நொண்டிக்கொண்டே போயிருப்பான்.

"மேடம், எனக்கு கவுட். இன்னிக்கு மாடி ஏற முடியாது. நாளன்னிக்கு வரேன்."

"பிரியாணி ஜாஸ்தியாயிடுச்சா?" என்று சிரித்தாள் அவள்.

"அதுவும் ஒரு காரணம் தான் மேடம். ஆனா முக்கால்வாசி, கழிவை கிட்னி சரியா வெளிய தள்ளாததால வர்றது. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு."

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. "எங்கப்பாவும் அடிக்கடி நொண்டறார். கேட்டா ஷூ டைட்டுங்கறார். டாக்டர்கிட்ட வரவே மாட்டேங்கறார். நீங்க கொஞ்சம் பேசறீங்களா?"

அலெக்சாண்டர் தலையணையைச் சரிசெய்துகொண்டு நன்றாகச் சாய்ந்தான்.

"குடுங்க மேடம். இன்னிக்கு எனக்கு எங்கயும் போற வேலை இல்ல."