மூன்றாம் ஓலை

மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று கோயில் உபதேசியார் சொன்னது சனிக்கிழமை மாலை, கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது நான் செய்தது சரியா என்று எனக்குப் பிடிபடலாம்.

எனக்கு ஒரகடத்தில் செல்போன் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். சேரப்பணஞ்சேரியில் வாடகை அறை எடுத்து மூன்று பெண்கள் தங்கியிருக்கிறோம். அங்கிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்து மாதா கோயிலுக்குத்தான் ஞாயிறு பூசைக்குப் போவேன். காலை ஷிப்ட் உள்ள வாரங்களில் அதே கோயில் ஹாலில் ஃபாதர் நடத்தும் மாலை வகுப்புக்கும் போவேன். நான் திக்காமல் வாசிப்பதைப் பார்த்து, பூசை முடிவில் அறிவிப்புகளைச் சொல்லும் வேலையை அவர் எனக்குக் கொடுத்திருந்தார்.

கல்யாணம் நிச்சயமானால் மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பது வழக்கம். ஓலை என்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரான ஃபாதரிடம் சொல்ல வேண்டும். மூன்றும் வாசித்து முடிந்தால்தான் கல்யாணப் பூசை. ரத்தினத்தின் மகன் ஜோயலுக்கும் ஞானம்மாவின் மகள் செந்தாமரைக்கும் இரண்டு ஓலைகளை நான்தான் வாசித்திருந்தேன். இருவரும் ஒரே கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்ப்பவர்கள்.

மூன்றாவது ஓலை தவக்காலத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறு. மறுநாள் காலை கல்யாணம். புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் ஜோயலை மஸ்கட்டுக்கு அனுப்ப ரத்தினம் விசா வாங்கிவிட்டார். இது ஊருக்கே தெரியும்.

உபதேசியார் கோபமாகப் பேசவில்லை. நாளைக்குத் தான் தரும் தாளில் அந்த ஓலை இருக்காது, அவ்வளவுதான் என்றார். ஹால் நிற்பது ரத்தினம் வீட்டார் கொடுத்த இடம், அவர் பூட்டிவிட்டால் வகுப்பு எங்கே நடக்கும் என்றும் கேட்டார். என்ன தடை என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"இன்னாம்மா தெரியாத மாரி கேக்குற? அந்தப் பொண்ணு காலனி. நம்ம பக்கம் உக்கார்ற பொண்ணு, நீயே இப்டி கேட்டா?"

எங்கள் ஊர்க் கோயிலில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். அந்தப் பழக்கத்தில் முதல் நாளே இடப்பக்க பெஞ்சில் போய் உட்கார்ந்தவள் நான். பக்கத்தில் செங்கமலம் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். இங்கே குடும்பம் குடும்பமாக உட்காருகிறார்கள் என்பதை மட்டும் கவனித்திருந்தேன். இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் காலனி என்பது உபதேசியார் சொன்ன பிறகுதான் உறைத்தது. ஃபேக்டரி பஸ்ஸில் இடித்துக்கொண்டு வருகிறவர்கள், ஒரே கேன்டீனில் தட்டு ஏந்துகிறவர்கள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். இத்தனை மாதம் என் கண்ணில் இது படவில்லை என்றால் நான் எதைத்தான் பார்த்தேன்?

பஸ் நிறுத்தத்தில் செந்தாமரை நின்றிருந்தாள். கையில் பூவுக்கு முன்பணம் கொடுத்த சீட்டு.

"நாளிக்கு நிதானமா படி அக்கா. போன வாரம் எங்கம்மா பேர முழுங்கிட்ட. அது வூட்ல வந்து ஒரே பொலம்பல், எம்பேரு மட்டும் மைக்ல வர்லயேன்னு."

நிதானமாகப் படிக்கிறேன் என்றேன். வேறெதுவும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜோயல் போய் ஃபாதரிடம் சண்டை போட்டிருப்பான். அது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

ஞாயிறு பூசை தொடங்குமுன் ஃபாதரைப் பார்த்தேன். மூன்றாம் ஓலை என்று ஆரம்பித்தேன். அவர் அங்கியின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, தாளில் உள்ளதை வாசி என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பூசை பாதியில் கரண்ட் போயிற்று. மைக் இல்லாமல்தான் அறிவிப்பு சொன்னேன். சாம்பல் புதன் பூசை நேரம், சிலுவைப்பாதை, ஹாலில் இரத்ததான முகாம். தாள் முடிந்துவிட்டது. வலப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஞானம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரம் வாசித்தது எனக்கு மனப்பாடமாகவே இருந்தது.

மூன்றாம் ஓலை என்று சொன்னேன். ரத்தினம் மகன் ஜோயல், ஞானம்மா மகள் செந்தாமரை. அம்மா பேரை முழுங்காமல் சொன்னேன். தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்று முடித்தேன்.

இடப்பக்கம் ரத்தினம் எழுந்தார். தடை கீது என்றார். ஃபாதர் பீடத்தின் ஓரத்துக்கு வந்து, என்ன தடை, சொல்லுங்கள் என்றார். அவரால் தாளை மாற்ற முடிந்தது. இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. பீடத்துக்கு எதிரில் நின்று சொல்லக்கூடிய ஒரு தடை ரத்தினத்திடம் இல்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா? உங்க ஊர்ல எந்தத் தெரு?"

"கீழத்தெரு. மேலத்தெருக்காரங்க கோயில் வேற, எங்களுக்குத் தனிக் கோயில்" என்றேன்.

தனிக் கோயில் என்றதுமே இரண்டு பக்கத்துக்கும் புரிந்துவிட்டது. நான் பிறந்தது இங்கே வலப்பக்கம் உட்கார்கிறவர்களின் சாதியில். ரத்தினம் வெளியே நடந்தார். அவர் பின்னால் சில பெஞ்சுகள் எழுந்தன. என் பை இருந்த இடத்துக்குப் போனேன். செங்கமலம் அக்கா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு இடம் விடத்தானோ, வேறெதற்கோ, கேட்க முடியவில்லை.

பூசை முடிந்ததும் ஃபாதரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் வாசலைப் பார்த்தபடி, "வாசிச்சது வாசிச்சதுதான். காலைல ஆறு மணிக்குப் பூசை வைக்கிறேன்" என்றார். மதியத்துக்குள் ஹாலில் பூட்டுத் தொங்கியது. வகுப்பில் இருபது பேர் படிக்கிறார்கள். அவர்களில் யாரையும் கேட்டுக்கொண்டு நான் இதைச் செய்யவில்லை.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டுப் போனேன். வலப்பக்கம் நிரம்பி, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். இடப்பக்கம் ஒரு பெஞ்சில்கூட ஆள் இல்லை. ஜோயல் அந்தக் காலி பெஞ்சுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒருத்தியாவது இருக்கட்டும் என்று நினைத்தேனா, கால் பழக்கத்தில் போயிற்றா தெரியாது.

ஞானம்மா கையாட்டி என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. பிறகு அவரே எழுந்து என்னை நோக்கி வந்தார். நடுப்பாதை வரைக்கும் வந்தார். பெஞ்சின் முனையைத் தொட்டார். அங்கேயே கொஞ்சம் நின்றார். மகள் மோதிரத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்துடு கண்ணு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஞானம்மா தன் பக்கமே திரும்பிப் போனார்.