உளுவைக்குப் பதில் ஒரு விரல்

பார்வை மங்கிய இறால் மாடாய் உழைத்து வளை தோண்ட, அதே வளையில் குடியிருந்த உளுவை மீன் வாசலில் சும்மா கிடந்தது. மீன் காட்சியகத்தின் புது மேலாளர் அதைத் தண்டச்சோறு என்று வேறு தொட்டிக்கு மாற்றினார். அன்றிலிருந்து இறால் வெளியே வரவில்லை, பட்டினி.

"ஆபத்துன்னா வாலாட்டிச் சொல்ற ஆளையே தூக்கிட்டீங்களே!" என்றார் மீன் டாக்டர்.

உளுவையோ புது இடத்தில் வேறொரு இறாலோடு குடித்தனம் தொடங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் மேலாளர் சட்டைக்கையை மடித்து, வளை வாசலில் தன் விரலை வைத்தார். இறால் மீசையால் தடவிப் பார்த்து, நம்பி, வெளியே வந்து சாப்பிட்டது.

பார்வையாளர்கள் வந்ததும் மேலாளர் விரலை ஆட்டினார். இறால் உள்ளே ஓடியது.

"என்ன சார், ஒண்ணையும் காணோம்?"

"தள்ளி நில்லுங்க," என்று சீறினார் மேலாளர். "புது ஆளுங்கன்னா எங்களுக்கு ஆகாது."