இருபத்தேழாவது கவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை முகப்பேர் குடியிருப்பின் இரண்டாம் மாடி வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, மடியில் பூதக்கண்ணாடியுடன் தட்சிணாமூர்த்தி. கட்டில் விளிம்பில் மகள் எழிலரசி. கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி மேல் மருமகன் கோகுல்நாத். சமையலறை வாசற்படியில் சுலோசனா. பச்சை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மிச்சம் இருந்தது. அது இறந்துபோன கஜபதியின் நாற்காலி. உட்கார இடமில்லாமல் பெட்டி மேல் உட்கார்ந்த கோகுல்நாத்கூட அதன் பக்கம் போகவில்லை. அதில் ஒரு மஞ்சள் பைதான் இருந்தது.

கஜபதி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டியவர். விண்வெளிக்குப் போய்த் திரும்பியவர்களின் கையெழுத்தைச் சேர்ப்பது அவருடைய பித்து. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் கடிதம் எழுதுவார். கூடவே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப அந்த வீரரின் படம் ஒன்று, பதில் வருவதற்கு ஒரு கவர். அந்தக் கவரில் அந்நாட்டுத் தபால்தலை ஒட்டி, தன் விலாசத்தைத் தானே எழுதிவிடுவார். நோய் தெரிந்த பிறகு, கடைசி ஐந்து மாதத்தில், அடித்துப் பிடித்து இருபத்தேழு பேருக்கு எழுதினார். ஒன்பது பதில் அவர் இருக்கும்போது வந்தது. மற்றவை அவர் போன பிறகு வரத் தொடங்கின.

அதில் முதலாவது பதினாறாம் நாள் காரியத்தன்று வந்தது. தபால்காரர் நீட்டிய கவரில் கணவரின் எழுத்தைப் பார்த்ததும் சுலோசனா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு பழகிப் போயிற்று. கவர் வந்தால் நாற்காலி மேல் வைத்து, "இன்னா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். இன்னொன்றையும் கவனித்தாள், யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் எழுதிய கவர்கள் முந்தி வந்தன. எழுத்தெல்லாம் ஒரே கோணல், நடுக்கம். ஆரம்பத்தில் எழுதியவை பிந்தி வந்தன. மாதம் ஆக ஆக எழுத்து நிமிர்ந்துகொண்டே வந்தது. போன வருஷக் கடைசியில் வந்த கவரில் கஜபதி நன்றாகத் தேறியிருந்தார்.

இப்போது கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதம் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். சேர்த்ததற்கெல்லாம் மதிப்புப் போடத்தான் கஜபதியின் கூட்டாளி தட்சிணாமூர்த்தியைப் பூந்தமல்லியிலிருந்து எழிலரசி வரவழைத்திருந்தாள். அவருக்கும் இதே பித்து. அசல் எது, போலி எது என்று சொல்லிவிடுவார். ஆனால் சுலோசனா நகர மறுத்தாள். எதிர்வீடு, மேல்வீடு எல்லாம் காலி. தபால் வரும் நேரமான பதினோரு மணிக்குப் படிக்கட்டில் காலடி கேட்கும். எழுந்து போய்க் கதவைத் திறப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள்.

தட்சிணாமூர்த்தி கஜபதிக்கு வந்த கையெழுத்துப் படம் ஒன்றையும், அதே வீரரின் கையெழுத்தோடு தான் கொண்டுவந்த படம் ஒன்றையும் ஜன்னல் கண்ணாடியில் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"மெஷின் போட்டது அண்ணி. ஒண்ணு மேல ஒண்ணு வச்சா கோட்டுக்குக் கோடு உக்காருது பாருங்க. மனுசன் கை ரெண்டு தபா ஒரே மாதிரி போடாது."

"அப்ப மாமா ஏமாந்துட்டாரா அங்கிள்?" என்றான் கோகுல்நாத்.

"இதுல ஏமாறாதவன் எவன் கீறான் மாப்ள? என் ஊட்லயே ஒரு டஜன் கீது!"

சிரித்துக்கொண்டே மஞ்சள் பையைத் திறந்தவர், "இன்னாண்ணி, வெறும் கவரா வச்சிருக்கீங்க? மதிப்பு கையெழுத்துக்குத்தான். இத்த பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடலாம்" என்றார். சுலோசனா எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க அங்கிள்" என்றாள் எழிலரசி. "இன்னும் ஒண்ணு வரணுமாம். அது வராம ஊட்ட உட்டு வர மாட்டாங்களாம்."

தட்சிணாமூர்த்தி, யார் யாருக்கு எழுதினோம் என்று கஜபதி குறித்துவைத்த நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "இருபத்தேழு... டேல் ஹாரிங்கர்." கண்ணாடியைக் கழற்றினார். "இவரு செத்துப் போயி எட்டு மாசம் ஆவுதே அண்ணி."

"அவ்ளோதாம்மா" என்றாள் எழிலரசி. குரலில் இருந்த நிம்மதியை அவளால் மறைக்க முடியவில்லை. "இனிமே யாரு அனுப்புவா?"

அந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரி வாசல் பெட்டியில் போட்டவள் சுலோசனாதான். கஜபதி அதை ஒட்டி அவள் கையில் கொடுத்து, "ஒடனே போட்டுட்டு வா" என்றார். உள்ளே வைத்த கவரை அவள் பார்க்கவில்லை.

தட்சிணாமூர்த்தியின் விரல் அந்த வரியின் கோடிக்குப் போய் நின்றது. "அண்ணி, இத்த பாத்தீங்களா?"

நோட்டு முழுக்க ஆங்கிலம். அவள் அதைத் திறந்ததே இல்லை.

"பதில் கவர் யார் பேருக்குன்னு இங்க எழுதுவாரு. இருபத்தாறும் அவரு பேரு. கடைசிக்கு மட்டும் உங்க பேர எழுதிக்கீறாரு."

கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் கஜபதி ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதினார். சுலோசனாவுக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம்? அவள் பெயரை எழுதிய ஒரே கவர், கடல் தாண்டி, செத்துப்போன யாரோ ஒருவரின் மேசையில் கிடக்கிறது.

படிக்கட்டில் காலடி கேட்டது. ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது. ஆனாலும் நான்கு பேரும் கதவைப் பார்த்தார்கள். காலடி வாசல்வரை வந்து நின்றது. கோகுல்நாத் எழுந்து திறந்தான். ஒருவரும் இல்லை.

தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமினார். "ஹாரிங்கர் போட்டது அசலே என்கிட்ட கீது. தர்றேன் அண்ணி."

"அந்தாளு போட்டது எனக்கு எதுக்கு தம்பி? அவரு ஊட்ல யாராச்சும் இருப்பாங்கள்ல? காலிக் கவர அனுப்பச் சொல்லணும்."

கஜபதி தன் கடிதங்களில் செய்வதைப் போலவே எண் போட்டு அவள் சொல்ல, கோகுல்நாத் ஆங்கிலத்தில் எழுத, அதைப் பார்த்து அவளே தன் கையால் எழுதினாள். ஒன்று, உங்கள் வீட்டுக்காரருக்கு என் வீட்டுக்காரர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். இரண்டு, இப்போது இருவரும் இல்லை. மூன்று, எனக்குக் கையெழுத்து வேண்டாம். நான்கு, அதனுள் என் பெயர் எழுதிய கவர் ஒன்று இருக்கும். கிழிந்திருந்தாலும் சரி, இத்துடன் வைத்துள்ள பெரிய கவருக்குள் போட்டு அனுப்பவும்.

பெரிய கவரில் விலாசம் எழுதியபோது எழிலரசி எட்டிப் பார்த்தாள். "எங்க ஊட்டு விலாசமாம்மா? சென்னீர்குப்பமா?"

"பின்ன? இடிச்ச ஊட்டுக்கா கொண்டாந்து குடுப்பான்?"

தட்சிணாமூர்த்தி பர்ஸுக்குள்ளிருந்து, பெரிய கவரில் ஒட்ட ஹாரிங்கரின் நாட்டுத் தபால்தலைகளை எடுத்து, எண்ணாமல் நீட்டினார்.

திங்கட்கிழமை காலையில் கஜபதியின் பசைப்புட்டியை எடுத்துக்கொண்டு சுலோசனா நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தாள். "நல்லாக் கேட்டுக்கய்யா, புது விலாசம்" என்று, கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை இரண்டு தரம் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பிறகு பெரிய கவரை மடித்துக் கடிதத்தோடு, ஹாரிங்கர் வீட்டு விலாசம் எழுதிய கவருக்குள் வைத்து ஒட்டி, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தாள். கவுண்டரில் இருந்த பெண் எடை போட்டு, முத்திரை குத்தி, அதைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டாள்.